தலைச்சுற்றின் காரணம் கண்ட டாக்டர் பாரானி

கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறிக் கரை மறைந்த சிறிது நேரத்திற்கெல்லாம் தலை கிறுகிறுத்து, வயிறு புரட்டி, பினாங்கு மலை கண்ணில் படும்வரை பாயை விட்டு எழாமல் கிடந்தவர்கள் அநேகர். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தார்கள். ஊறுகாயை நாக்கில் தடவிப் பார்த்தார்கள். பித்தம் என்றார் ஒருவர். உப்புக்காற்று என்றார் மற்றொருவர். காதின் மேல் பழி போட்டவர் எவரும் இருந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

ஆனால் குற்றவாளி காதுதான். இரண்டு காதிலும் உட்செவி செயலற்றுப் போனவர்களுக்குக் கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் மயக்கம் வருவதில்லை என்பது வைத்திய உலகம் அறிந்த உண்மை. காதுக்கும் தலைச்சுற்றுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை, நோயாளியின் படுக்கையருகில் நின்று சோதித்தறியும் வழியாக ஆக்கிக் கொடுத்தவர் ஒருவர். அவர் வியன்னா நகரத்து டாக்டர் ராபர்ட் பாரானி. நோபல் பரிசு பெற்ற செய்தி அவருக்கு எட்டியபோது அவர் மத்திய ஆசியாவில் ஒரு யுத்தக் கைதி. விடுதலை பெற்று ஊர் திரும்பியவரைச் சொந்த ஊர்க்காரர்களே கூண்டில் ஏற்றியதுபோல் நிறுத்தினார்கள். அவருடைய வரலாற்றை நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

ராபர்ட் பாரானி 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் பண்ணை நிலங்களை நிர்வகித்து வந்தார். தாயார் பிராக் நகரத்து அறிஞர் ஒருவரின் மகள். வீட்டில் படிப்பு மணம் வீசியது அந்த அம்மையாரால்தான் என்று சொல்வார்கள். சிறு வயதிலேயே ராபர்ட்டுக்கு எலும்பைப் பற்றும் காசநோய் கண்டது. நோய் தணிந்தது, ஆனால் ஒரு முழங்கால் மடங்காமல் விறைத்து நின்றுவிட்டது. ஆயுள் முழுவதும் அந்தக் காலோடுதான் நடந்தார். அப்படியிருந்தும் மலையேறுவதையும் டென்னிஸ் ஆடுவதையும் அவர் விடவில்லை. வைத்தியத்தின் மேல் அவருக்கு நாட்டம் உண்டானது அந்த நோயினால்தான் என்று கருதுகிறார்கள்.

பள்ளியில் முதல் மாணவர், சர்வகலாசாலையிலும் அப்படியே. 1900-இல் வியன்னாவில் வைத்தியப் பட்டம் பெற்று, ஜெர்மனி சென்று உள்நோய் வைத்தியமும் மனநோய், நரம்பு வைத்தியமும் கற்று, திரும்பி வந்து அறுவை சிகிச்சையிலும் பழகினார். 1903-இல் பேராசிரியர் ஆடம் போலிட்சரின் காது வைத்தியசாலையில் உதவியாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் காது வைத்தியம் என்றால் வியன்னா. வியன்னா என்றால் போலிட்சர். பல நாட்டு டாக்டர்களும் அங்கு வந்து கற்றுச் சென்றார்கள்.

அந்த நாளில் காதில் சீழ் வடிவதென்பது இன்றுபோல் மாத்திரையில் அடங்கும் காரியமல்ல. பெனிசிலின் பிறக்கவில்லை. நடுக்காதில் தங்கிய சீழ் எலும்பை அரித்துக்கொண்டு உட்செவிக்குள் புகும். அங்கிருந்து மூளையின் உறைக்கோ சிறுமூளைக்கோ போய்விட்டால் ஆள் தப்புவது அரிது. நோயாளி தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார். உட்செவி கெட்டதனால் சுற்றுகிறதா, சிறுமூளையில் கட்டி வைத்ததனால் சுற்றுகிறதா? கத்தியைக் கையில் எடுத்த டாக்டர் எந்த இடத்தைத் திறப்பார்? தவறான இடத்தைத் திறந்தால் நோயாளி மேசையிலேயே போய்விடக்கூடும். திறக்காமல் காத்திருந்தாலும் போய்விடக்கூடும். அநேகமாக ஊகத்தின் பேரில்தான் காரியம் நடந்துவந்தது.

இங்கே உட்செவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. காதின் உட்புறத்தில் எலும்புக்குள் இரண்டு கருவிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று நத்தைக் கூடுபோல் சுருண்டது, அது கேட்பதற்கு. மற்றொன்றில் வளையம் போன்ற மூன்று மெல்லிய குழல்கள் உண்டு; ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்திருக்கும். அவற்றில் நீர் நிரம்பியிருக்கிறது. தலையைத் திருப்பினால் குழல் திரும்பிவிடும், உள்ளிருக்கும் நீர் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிரணுக்கள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். மூளை உடனே கண்களை எதிர்ப்பக்கம் நகர்த்தி, பார்வை நிலைகுலையாமல் பார்த்துக்கொள்ளும். வலக்காதும் இடக்காதும் நம் கடைத் தராசின் இரு தட்டுகள் போல. இரண்டும் சமமாய் இருந்தால் முள் நடுவில் நிற்கும். ஒரு தட்டில் மட்டும் கனம் கூடினாலும் குறைந்தாலும் மூளைக்குத் தலை சுழல்வதாகவே படும். ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார், அறை சுற்றும்.

இதெல்லாம் பாரானி கண்டுபிடித்ததல்ல. பிரான்சில் ஃப்ளூராங்ஸ் என்பவர் புறாக்களின் குழல்களை அறுத்துப் பார்த்து, அவை நிலை தடுமாறுவதை 1820-களிலேயே கண்டார். மெனியே என்ற பாரிஸ் வைத்தியர் தலைச்சுற்றுக்கு உட்செவியும் காரணமாகலாம் என்று 1861-இல் எடுத்துரைத்தார். மாக், பிராய்யர் முதலியவர்கள் குழலுக்குள் நீர் அசைவதைப் பற்றி 1870-களில் எழுதினார்கள். வாசகர்கள் இந்தப் பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் வழக்கு இவற்றைப் பற்றியதுதான்.

போலிட்சரின் வைத்தியசாலையில் இளம் டாக்டர்களின் அன்றாட வேலை, சீழ் பிடித்த காதைப் பீச்சாங்குழலால் நீர் பீச்சிக் கழுவுவது. பலருக்கு அப்போது தலை சுற்றும். எல்லா டாக்டர்களும் இதைப் பார்த்திருந்தார்கள். நோயாளியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தொழிலைப் பார்த்தார்கள். பாரானி மட்டும் நோயாளியின் கண்களைக் கவனித்தார். விழிகள் ஒரு பக்கம் மெதுவாய் நகர்ந்து, மறுபக்கம் வெடுக்கென்று திரும்புவதைக் கண்டார். இதைக் குறித்து வைத்தார்.

ஒரு நாள் ஒரு நோயாளி குறை சொன்னார். தண்ணீர் போதிய சூடில்லாதபோதுதான் தமக்குத் தலை சுற்றுகிறதென்றும், பதமான சூடாயிருந்தால் ஒன்றும் ஆவதில்லை என்றும் அவர் முறையிட்டார். நர்ஸ் அம்மையாருக்கு வருத்தம். கொண்டுவந்த தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறதென்று அவர் சாதித்தார். நோயாளியின் விருப்பப்படியே செய்யலாம் என்று பாரானி முடிவு சொன்னார். அடுத்த முறை தண்ணீர் நல்ல கொதிப்போடு வந்து சேர்ந்தது! பீச்சியவுடன் நோயாளி அலறினார். சூடு தாங்கவில்லை, தலையும் முன்போலவே சுற்றுகிறது என்றார். பாரானி அவருடைய கண்களைப் பார்த்தார். விழிகள் துடித்துக்கொண்டிருந்தன, ஆனால் குளிர்ந்த நீரில் எந்தப் பக்கம் துடித்தனவோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

வியாபாரிகளாகிய நமக்கு இந்த இடத்தில் ஒன்று தோன்றுகிறது. சரக்கு சரியில்லை என்று வாடிக்கைக்காரர் குறை சொன்னால் நம்மில் எத்தனை பேர், கடைப் பையனைத் தொந்தரவு செய்து, அவர் கேட்டபடி இன்னொரு முறை எடுத்துக் காட்டுவோம்? சரக்கில் குறையில்லை என்று சாதித்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அந்த நோயாளியின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

சூட்டுக்கும் குளிருக்கும் திசை மாறுவானேன்? இதற்கு விடை ஒவ்வொரு வீட்டின் குளியலறையிலும் இருந்தது. வெந்நீர்க் கொப்பரையில் சூடான நீர் மேலே எழும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். காதுக்குள் குளிர்ந்த நீரைப் பீச்சினால் அருகிலுள்ள குழலின் ஒரு பக்கம் குளிர்கிறது. அங்குள்ள நீர் கனத்துக் கீழே இறங்குகிறது. வெந்நீர் பீச்சினால் இலேசாகி மேலே ஏறுகிறது. தலை அசையாமலே குழலுக்குள் ஓட்டம் உண்டாகிவிடுகிறது. மூளை ஏமாந்து, தலை சுழல்வதாக எண்ணிக்கொள்கிறது. உடல் சூட்டுக்குச் சமமான நீரானால் ஒன்றும் நடப்பதில்லை.

இது வெறும் ஊகமாகப் போய்விடக்கூடாதென்று பாரானி ஒரு சோதனை செய்தார். மேலேறுவதும் கீழிறங்குவதும்தான் காரணமென்றால், தலையின் நிலையைத் தலைகீழாக மாற்றினால் அதே குளிர்ந்த நீருக்கு விழிகள் எதிர்ப்பக்கம் துடிக்க வேண்டும் அல்லவா? மாற்றிப் பார்த்தார், அப்படியே துடித்தன. உட்செவி அழிந்துபோன நோயாளிகளுக்கு நீர் பீச்சிப் பார்த்தார், விழிகள் அசையவில்லை. அதுதான் வைத்திய உலகத்துக்குப் பெரும் பயனாயிற்று. ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பீச்சாங்குழலும் இருந்தால் போதும். எலும்புக்குள் மறைந்திருக்கும் கருவி உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா, எந்தக் காதில் என்று கத்தி வைக்குமுன்பே அறிந்துகொள்ளலாம். இந்த ஆராய்ச்சியை அவர் 1906-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது.

நாமும் இதை அனுபவித்திருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் காதில் அழுக்கு அடைத்துக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தோம். எந்தக் கிளினிக் என்பது வேண்டாம். அவசரத்தில் குழாய்த் தண்ணீரையே பீச்சிவிட்டார்கள். சுவரிலிருந்த கடிகாரம் ஓடத் தொடங்கியது. மேசையை இரு கையாலும் பற்றிக்கொண்டோம். அன்று பாரானியின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், நம் உட்செவி நல்ல நிலையில் இருக்கிறதென்று மகிழ்ந்திருப்போமோ என்னவோ!

பாரானி இதோடு நிற்கவில்லை. நோயாளியைச் சுழலும் நாற்காலியில் வைத்துச் சுழற்றி, நிறுத்தியபின் கண் துடிப்பதை அளந்தார். விமானிகளின் பயிற்சியில் பிற்காலத்தில் புகுந்த சுழல் நாற்காலிக்கு அவர் பெயரே நிலைத்தது. ஒரு காதின் கேட்கும் திறனைச் சோதிக்கையில் மற்றக் காது ஒட்டுக் கேட்டு ஏமாற்றாமலிருக்க, அதில் இரைச்சல் உண்டாக்கும் சிறு பெட்டி ஒன்றையும் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு குறியைத் தொடச் சொல்லி, விரல் எந்தப் பக்கம் விலகுகிறதென்று பார்க்கும் முறையை 1910-இல் வெளியிட்டார். கோளாறு உட்செவியிலா, சிறுமூளையிலா என்று பிரித்தறிய அது உதவிற்று.

1914-இல் மகா யுத்தம் மூண்டது. விறைத்த முழங்காலுடைய மனிதரைப் படையில் சேரும்படி யாரும் வற்புறுத்தப் போவதில்லை. இருந்தும் அவர் டாக்டராகத் தாமே முன்வந்து போனார். இன்று போலந்து நாட்டிலுள்ள ப்ஷெமிஷில் கோட்டையில் அவருக்கு வேலை. தலையில் குண்டு பாய்ந்து வந்த சிப்பாய்களுக்கு அவர் அறுவை செய்தார். அவர்களின் காயங்களிலிருந்தே சிறுமூளையைப் பற்றிய தம் ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். ருஷ்யப் படை கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. உணவு தீர்ந்து 1915 மார்ச் மாதத்தில் கோட்டை விழுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதிகளானார்கள். பாரானியும் அவர்களில் ஒருவர்.

கைதிகளில் ஒரு பகுதியாரை ருஷ்யர்கள் மத்திய ஆசியாவுக்குக் கொண்டுபோனார்கள். பாரானி போய்ச் சேர்ந்த இடம் மெர்வ். நம் வாசகர்களுக்கு அது மர்வ் என்ற பெயரில் பழக்கமான ஊர். குராசானின் தலைநகராய், பட்டு வணிகப் பாதையின் பெரும் சந்தையாய், ஸல்ஜூக் சுல்தான்களின் கொலு மண்டபமாய் விளங்கிய நகரம். பூகோள ஆசிரியர் யாகூத் அதன் நூல்நிலையங்களில் அமர்ந்து குறிப்பெடுத்திருக்கிறார். 1221-இல் மங்கோலியர் அதை அழித்தார்கள். பாரானி கண்டது அந்த இடிபாடுகளுக்கு அப்பால் ருஷ்யர் கட்டிய புது ஊரை. இன்று துர்க்மெனிஸ்தானில் மாரி என்ற பெயரில் இருக்கிறது.

அங்கே மலேரியாக் காய்ச்சல் அவரைப் பிடித்தது. ஆயினும் அவருடைய கீர்த்தி ருஷ்ய டாக்டர்களுக்கும் எட்டியிருந்தது. கைதி என்று மூலையில் உட்கார்த்தாமல் காது நோயாளிகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். கைதிகளோடு ஊர்க்காரர்களும் அவரிடம் வந்தார்கள். அவ்வூரின் தலைவரும் குடும்பத்தாரும்கூட அவரிடம் சிகிச்சை பெற்று, அவரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார்களாம்.

1914-ஆம் ஆண்டுக்கான வைத்திய நோபல் பரிசை அவ்வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். 1915-இல் அதை ராபர்ட் பாரானிக்கு அளிப்பதாக அறிவித்தார்கள். காதைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு அதுதான். கேட்கும் கருவியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக பெகேஷி என்பவருக்கு 1961-இல்தான் அடுத்தது கிடைத்தது. பரிசுக்குரியவரோ முள்வேலிக்குள். ஸ்வீடன் நாட்டு இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் நேரடியாகத் தலையிட்டார். 1916-இல் விடுதலை கிடைத்தது. பாரானி ஸ்டாக்ஹோம் சென்று மன்னர் கையால் பரிசு பெற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் தம் நோபல் சொற்பொழிவையும் நிகழ்த்தினார். தண்ணீர் சூட்டைப் பற்றி முறையிட்ட நோயாளியின் கதையை உலகம் அறிந்தது அந்தச் சொற்பொழிவினால்தான்.

பிறகு வியன்னா திரும்பினார். மாலை மரியாதை காத்திருக்கும் என்று நாம் நினைப்போம். காத்திருந்தது குற்றச்சாட்டு. முன்னவர்களின் கண்டுபிடிப்புகளின் மேல் தம் ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பெயரை நூல்களில் சரிவரக் குறிப்பிடவில்லை என்று அவருடைய தோழ டாக்டர்களே அவர்மேல் குறை கூறினார்கள். பிறர் முதலைத் தம் பேரேட்டில் வரவு வைத்துக்கொண்டார் என்பதுதான் இதன் பொருள். அறிஞர் உலகில் இதைவிடப் பெரிய பழி கிடையாது.

இதில் நம் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். கடனுக்கு வாங்கிய சரக்கென்றால் யாரிடம் வாங்கினோம் என்று கணக்கில் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டது எவ்வளவு சிறிதானாலும் குறைதான். குளிர்ந்த நீர் தலையைச் சுற்ற வைக்கும் என்பதும், குழலில் நீர் அசையும் என்பதும் பாரானிக்கு முன்பே தெரிந்த செய்திகள். ஆனால் சூடும் குளிரும் எதிரெதிராய் வேலை செய்வதைக் கண்டு, காரணத்தை நிறுவி, அதைக் கொண்டு ஒரு நோயாளியின் எந்தக் காது கெட்டதென்று சொல்லும் வழியைக் கொடுத்தது வேறு யார்? பாதை போட்ட மரங்கள் பிறருடையவை, பாலம் அவருடையது. பழி கூறியவர்கள் முழுக் கணக்கையும் பார்க்கவில்லை என்றே நமக்குப் படுகிறது. யுத்தத்திலும் சிறையிலும் அவர் கிடந்த நாளில் கிடைத்த பெரும் புகழ், வீட்டிலிருந்த சிலருக்குப் பொறுக்கவில்லை என்று எண்ணவும் இடமிருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் ஹோல்ம்கிரென் முதலான காது வைத்தியர்கள் அவருக்காக வாதாடி ஓர் ஆராய்ச்சியே வெளியிட்டார்கள்.

பாரானி மனம் வெறுத்தார். 1917-இல் வியன்னாவை விட்டு ஸ்வீடனில் உப்சாலா நகரத்துச் சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். அங்கே காது வைத்தியத் துறையின் தலைமை அவருக்குக் கிடைத்தது. பிறந்த ஊரில் மறுபடி குடியேறவில்லை.

உப்சாலாவில் இருந்தபோது அவர் செய்த ஒரு குறிப்பு நம்மில் பலருக்கு நேரடியாகப் பயன்படுவது. படுக்கையில் ஒரு பக்கம் புரண்டவுடனோ, மேல் அலமாரியிலிருந்து சரக்கை எடுக்கத் தலையை அண்ணாந்தவுடனோ அறை சுழன்று, அரை நிமிஷத்தில் தணிந்துவிடும் ஒரு வகைத் தலைச்சுற்று உண்டு. அதை ஓர் இளம் பெண்ணிடம் கண்டு, உட்செவியிலுள்ள நுண்கற்கள் சம்பந்தமான கோளாறு என்று 1921-இல் அவர் எழுதினார். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் அதைக் கண்டறியும் முறையை வகுத்தார்கள். இடம் பெயர்ந்த துகள்களைத் தலையை முறைப்படி திருப்பித் திருப்பியே மீண்டும் உரிய இடத்தில் சேர்க்கும் முறையை அமெரிக்க டாக்டர் எப்லி 1992-இல் வெளியிட்டார். மருந்து இல்லை, அறுவை இல்லை. தெரிந்த டாக்டரிடம் போனால் சில நிமிஷ வேலை. வருஷக்கணக்கில் பித்தமென்று கஷாயம் குடித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வெந்நீர்க் கொப்பரை விளக்கம் முற்றிலும் சரிதானா என்ற கேள்வி 1983-இல் விண்வெளியில் எழுந்தது. அமெரிக்க விண்கலத்தில் சென்றவர்களின் காதில் அந்தச் சோதனை செய்யப்பட்டது. கனமில்லாத இடத்தில் சூடானது மேலே எழவும் முடியாது, குளிர்ந்தது கீழே இறங்கவும் முடியாது. பாரானி சொன்னதுதான் முழுக் காரணமென்றால் விழிகள் அசையக் கூடாது. ஆனால் அசைந்தன! ஆகவே சூடும் குளிரும் வேறு வழியிலும் அக்கருவியைத் தூண்டுகின்றன என்று தெரிந்தது. பூமியில் அவர் சொன்ன காரணமும் வேலை செய்யத்தான் செய்கிறது. தலையைப் புரட்டினால் திசை மாறுவது பொய்யாகவில்லை. அவருடைய சோதனையோ காது வைத்தியசாலைகளில் இன்றும் நடக்கிறது. தண்ணீருக்குப் பதில் சில இடங்களில் காற்று ஊதுகிறார்கள். கண் துடிப்பதைக் காமிரா அளக்கிறது.

1909-இல் அவர் ஈடா என்ற மங்கையை மணந்திருந்தார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகன் உப்சாலாவிலேயே மருந்தியல் பேராசிரியரானார். இளையவரும் ஸ்டாக்ஹோமில் வைத்தியத் துறையில் பணியாற்றினார்.

கடைசிக் காலத்தில் பாரானி தசை வாதத்தைப் பற்றி ஆராய்ந்து ஒரு நூல் எழுதத் தொடங்கினார். நடுவில் பக்கவாதம் தாக்கியது. அதன் பிறகும் அதை எழுதுவதை அவர் விடவில்லை. அவருடைய அறுபதாவது பிறந்த நாளைப் பல நாட்டு அறிஞர்களைக் கூட்டிக் கொண்டாட ஏற்பாடு நடந்துவந்தது. அந்த நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், 1936 ஏப்ரல் 8-ந் தேதி, உப்சாலாவில் காலமானார். தலைச்சுற்று வைத்தியர்களும் ஆராய்ச்சியாளர்களும் 1960-இல் தங்களுக்கென ஒரு சர்வதேசச் சங்கம் கூட்டியபோது, அதற்குப் பாரானி சங்கம் என்றே பெயர் வைத்தார்கள்.